ஒரு கேள்வியில் தடுமாறியதற்கு இன்னொரு கோர்ஸ் வேண்டாம்

வணக்கம் ஐயா. பி.காம். முடித்து, விற்பனை போன்ற தரவுகளைக் கணக்கிட்டு அறிக்கையாகக் காட்டும் பவர் பிஐ மென்பொருளைப் படித்த உங்கள் மகள் முதல் நேர்காணலிலேயே திரும்பி வந்ததை எழுதியிருந்தீர்கள். கடன் வாங்கியாவது இன்னொரு பயிற்சியில் சேர்க்கலாமா என்று கேட்கிறீர்கள். சேர்க்க வேண்டாம். அவர் தடுமாறிய கேள்வியை முதலில் பாருங்கள்: "500 ரூபாய்க்கு மேல் வாங்கிய வாடிக்கையாளர்கள் எத்தனை பேர்?"

ஒரு மருந்துக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கமலா 700 ரூபாய்க்கு ஒரு பில், 650 ரூபாய்க்கு ஒரு பில் போட்டிருக்கிறார். பில் இரண்டு, ஆள் ஒருவர். பவர் பிஐயில் டிஸ்டிங்ட்கவுண்ட் என்ற ஃபார்முலா அவரை ஒருமுறைதான் எண்ணும். இது உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் சேகர் 300 ரூபாய்க்கு இரண்டு பில் போட்டிருக்கிறார். அவர் கணக்கில் வருவாரா? பில் பில்லாக வடிகட்டினால் வரமாட்டார், விடை 1. ஆள்வாரியாகக் கூட்டிவிட்டு வடிகட்டினால் வருவார், விடை 2. எதைக் கேட்கிறார்கள் என்று திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். அந்தத் தயக்கமில்லாத எதிர்க்கேள்வியைத்தான் நான் என் மாணவர்களிடம் முதலில் வளர்க்கப் பார்க்கிறேன். மென்பொருளின் பொத்தான்களைப் பிறகு பழகிக்கொள்ளலாம்.

இனி இது மகளுக்கு. ஒரு நோட்டில் 20 பில்களை நீயே எழுதும்மா. இரண்டில் வாடிக்கையாளர் எண்ணை வெற்றாக விடு. கையால் எண்ணி விடையைக் குறித்துக்கொண்டு, பிறகு கணினியில் போட்டுப் பார். டிஸ்டிங்ட்கவுண்ட் அந்த வெற்றிடங்களையும் சேர்த்து ஓர் ஆளாக எண்ணிவிடும். வெற்றை விலக்க டிஸ்டிங்ட்கவுண்ட்நோபிளாங்க் தனியாக இருக்கிறது. தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல் நேர்மாறானது, ஆட்களை ஒருமுறை மட்டும் எண்ணச் சொன்னால் வெற்றிடத்தை எண்ணாது. ஆனால் அங்கே 'இப்படி இருந்தால் இதை எடு' என்று சொல்லும் கேஸ் வென் நிபந்தனையின் முடிவில் பழக்கதோஷத்தால் 'எல்ஸ் 0' (இல்லாவிட்டால் பூஜ்யம்) என்று எழுதிவிட்டால், அந்தப் பூஜ்யமும் ஒரு வாடிக்கையாளர் ஆகிவிடும். பிழை என்று எந்தச் செய்தியும் வராது, எண் மட்டும் ஒன்று கூடியிருக்கும். அனுபவசாலிகளே இதில் மாட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

மாத மொத்தத்தையும் சோதித்துப் பார். ஜனவரியில் 3 பேர், பிப்ரவரியில் 3 பேர், இருவர் இரண்டு மாதமும் வந்தவர்கள் என்றால் மொத்தம் 4. ஏன் 6 இல்லை என்று மேலாளர் கேட்பார். அதை அவருக்குப் புரியும்படி சொல்லத் தெரிவது இந்த வேலையில் பாதி.

பவர் பிஐயில் நிபந்தனை வைத்துக் கணக்கிடும் கால்குலேட் ஃபார்முலாவுக்குள் 'ஊர் மதுரை' என்று வைத்திருந்தால், அறிக்கையைப் பார்ப்பவர் அதே ஊர்ப் பட்டியலில் சேலத்தைத் தேர்ந்தெடுத்தாலும் மதுரைக் கணக்கே வரும். உன் நிபந்தனையும் அவர் தேர்வும் இரண்டும் பொருந்தினால் மட்டும் எண்ண வேண்டுமென்றால் கீப்ஃபில்டர்ஸ் என்ற ஃபார்முலா தேவை. இதை ஒரு நாள் முழுக்கச் செய்து பார். படித்தால் மட்டும் பிடிபடாது.

ஐயா, பவர் பிஐ டெஸ்க்டாப் இலவசம். வீட்டில் விண்டோஸ் கணினி இருந்தால் போதும். மேக்கில் அது நேரடியாக ஓடாது. சான்றிதழ் வேண்டுமானால் பவர் பிஐக்கான மைக்ரோசாஃப்டின் பிஎல்-300 தேர்வு இருக்கிறது, அதற்கு இன்னும் அவசரமில்லை. ஒரு மாதம் அவரை இந்தப் பயிற்சியோடு விடுங்கள். "எத்தனை பேர் வந்தது?" என்று தினமும் கேளுங்கள். எண்ணைச் சொன்னதும், யாரை எண்ணினாய், யாரை விட்டாய் என்று கேளுங்கள். அடுத்த நேர்காணலுக்கு அந்த நோட்டையும் கையில் எடுத்துப் போகட்டும்.