லோகோ வந்ததும் ஓடி ஒளியும் குழந்தை: வாசகர் கேள்வி – பதில்

எண்பதுகளில் வளர்ந்த எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் தூர்தர்ஷன் லோகோ சுழல ஆரம்பித்தாலே அடிவயிறு கலங்கும். பேய்ப்படத்துக்குக்கூட அப்படிப் பயந்ததில்லை. அந்த இசையில் என்னதான் இருக்கிறது?
– வாசகி, கும்பகோணம்

1976 ஏப்ரல் 1 அன்று தூர்தர்ஷன் ஆகாசவாணியிலிருந்து பிரிந்து தனி அமைப்பானபோது வந்த லோகோ அது. அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் தேவாஷிஷ் பட்டாச்சார்யா வரைந்தது. இசை பண்டிட் ரவிசங்கர், உடன் ஷெனாய்க் கலைஞர் உஸ்தாத் அலி அகமது உசேன் கான். யாரையும் மிரட்டும் எண்ணம் அவர்களுக்கு இருந்திருக்காது.

ஆனால் கேட்ட காது தமிழ்க் காது. வடக்கே ஷெனாய் கல்யாண வாத்தியம். நமக்குக் கல்யாணத்துக்கு நாதஸ்வரம் இருக்கிறது. ஷெனாயைத் தமிழ் சினிமா சாவுக் காட்சிக்கும் பிரிவுக் காட்சிக்கும் என்றே ஒதுக்கிவிட்டது. படம் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அந்த ஓசை வந்தாலே ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்றுதான் அர்த்தம். 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி கொல்லப்பட்ட பிறகு, துக்க நாள்களில் நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டு மணிக்கணக்கில் சோக இசை போட்டதும் இதோடு சேர்ந்துகொண்டது.

படமும் தன் பங்குக்குச் செய்தது. இருட்டில் பெயர் சொல்ல முடியாத இரண்டு வளைவுகள் சுழன்று கண்ணாக மாறும். பிறந்த சில நாள் குழந்தையே தன்னை நேராகப் பார்க்கும் கண்களைத்தான் அதிக நேரம் பார்க்கும். இங்கே கண் மட்டும் இருக்கிறது, முகம் இல்லை. ஒளிபரப்பு தொடங்கும் முன் கலர் பட்டைகளோடு 1,000 ஹெர்ட்ஸ் ‘கூ’ ஓசை வேறு. ரிமோட்டும் கிடையாது. சத்தத்தைக் குறைக்க வேண்டுமென்றால் பயப்படும் பிள்ளை அந்தக் கண்ணுக்குப் பக்கத்தில்தான் போக வேண்டும்!

இது நம் ஊரில் மட்டும்தானா?
– வாசகர், மதுரை

இல்லை. அமெரிக்காவில் ஸ்கிரீன் ஜெம்ஸ் நிறுவனத்தின் 1965-ஆம் ஆண்டு லோகோவுக்கு ‘நரகத்திலிருந்து வந்த எஸ்’ என்றே பட்டப்பெயர். இரண்டு கோடுகளும் ஒரு புள்ளியும் சேர்ந்து எஸ் எழுத்தாகும், சில நொடி சிந்தசைசர் ஓசை, அவ்வளவுதான். அந்த இசை எரிக் சிடே அமைத்தது. அதைப் பார்த்துப் பயந்தவர்களைப் பற்றி 2010-இல் ஒரு குறும்படமே வந்தது. ரஷ்யாவில் ‘விட்’ நிறுவனத்தின் லோகோ: கறுப்புத் திரையில் உறைந்த களிமண் முகம், தலைமேல் மூன்றுகால் தேரை. சீனத் தாவோ ஞானி குவோ சியாங்கின் உருவம் என்பார்கள். நம் தூர்தர்ஷன் கண் அதற்கு முன் பரமசாது.

என் 4 வயது மகன் யூடியூப்பில் ஒரு மை கறை முகம் ரோபோ குரலில் பேசும் லோகோவைப் பார்த்ததிலிருந்து டிவி இருக்கும் அறைக்கே வரமாட்டேன் என்கிறான். என்ன செய்வது?
– வாசகி, திருப்பூர்

நீங்கள் சொல்வது க்ளாஸ்கி சூபோ என்ற அமெரிக்க கார்ட்டூன் நிறுவனத்தின் 1998 லோகோ. அதன் குரலைக் கனமாக்கி, நிறத்தைத் திருப்பிப் போட்ட நூற்றுக்கணக்கான வீடியோக்கள் யூடியூப்பில் சுற்றுகின்றன. ஒன்றைப் பார்த்தால் ஆட்டோபிளே அடுத்ததைக் கொண்டுவரும். முதலில் ஆட்டோபிளேயை அணையுங்கள், பார்த்த வரலாற்றிலிருந்து அந்த வீடியோக்களை நீக்குங்கள். யூடியூப் கிட்ஸ் என்றால் நீங்கள் தேர்ந்தெடுத்தவை மட்டும் வரும்படி அமைப்பில் மாற்றலாம்.

அடுத்தது பயம். லோகோ வரும்போதெல்லாம் நீங்கள் பாய்ந்து டிவியை அணைத்தால் அது உண்மையிலேயே ஆபத்தானது என்று நீங்களே உறுதி செய்கிறீர்கள். பிடித்து உட்கார வைத்து முழுவதையும் காட்டுவது அதைவிட மோசம். நடுவழி இதுதான்.

பகல் நேரம், வயிறு நிறைந்திருக்கும் வேளை, 5 நிமிடம் போதும். முதலில் போனில் அசையாத படம் மட்டும். அதைப் பார்த்துப் பையன் காகிதத்தில் வரையட்டும், மீசை வைக்கட்டும். அது அலுத்த பிறகு சத்தம் இல்லாமல் அசையும் படம். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துச் சத்தம் மட்டும், மிகக் குறைவாக. கடைசியில் இரண்டும் சேர்ந்து, முதலில் போனில், பிறகு டிவியில். சத்தத்தைக் கூட்டுவதும் நிறுத்துவதும் எல்லாக் கட்டத்திலும் அவன் விரலில்தான் இருக்க வேண்டும். இந்த வைத்தியத்தின் பாதி அதில்தான் இருக்கிறது. “அடுத்து ‘டொய்ங்’ வரும் பார்” என்று முன்கூட்டியே சொல்லுங்கள். எதிர்பார்த்து வரும் சத்தம் தூக்கிப்போடாது.

ஒரு கட்டம் சலித்த பிறகே அடுத்தது. அழுதால் முந்தைய கட்டத்துக்குத் திரும்பி, அதில் அமைதியான பிறகு முடியுங்கள். அழுகையின் உச்சத்தில் நிறுத்தினால் மறுநாள் பயம் கூடியிருக்கும். எல்லாம் கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரு அண்ணனாலோ மாமாவாலோதான்: சும்மா விளையாட்டுக்கு என்று திடீரென முழுச் சத்தத்தில் போட்டுக் காட்டுவார்கள். ஒரு வார வேலை ஒரு நொடியில் போய்விடும். வீட்டில் எல்லோரையும் முன்பே கண்டித்து வையுங்கள். படுக்கும் நேரத்தில் இந்தப் பயிற்சி வேண்டாம். ‘பயந்தாங்கொள்ளி’ பட்டமும் வேண்டாம்.

பயம் என்று சொல்லிக்கொண்டே அதையே திரும்பத் திரும்பப் போடச் சொல்லும் குழந்தைகளும் உண்டு. கவலைப்படாதீர்கள், அவர்களே தங்களைப் பழக்கிக்கொள்கிறார்கள்.

மிக்ஸி, குக்கர் விசில், கைதட்டல் என்று எல்லாவற்றுக்கும் காதைப் பொத்தினால் விஷயம் லோகோ அல்ல; குழந்தை மருத்துவரிடம் சொல்லிக் காதுப் பரிசோதனையும் செய்யுங்கள். பேச்சும் தாமதமானால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பயம் 6 மாதம் தாண்டியும் தூக்கத்தையோ பள்ளியையோ கெடுத்தால் குழந்தை மனநல நிபுணர். நாள் முழுக்கக் காதடைப்பான் மாட்டிவிடாதீர்கள். அமைதிக்குப் பழகிய காதுக்குச் சாதாரண சத்தமும் பெரிதாகக் கேட்கும்.

படத்தில் பேச்சு கேட்பதே இல்லை, ஆனால் லோகோ வரும்போது வீடே அதிர்கிறது. ஏன்?
– வாசகர், சேலம்

தியேட்டருக்காகச் செய்த ஒலிக்கலவையில் மெல்லிய பேச்சுக்கும் பெரிய ஓசைக்கும் இடைவெளி அதிகம். பேச்சுக்காக நீங்கள் சத்தத்தைக் கூட்டி வைக்கிறீர்கள், அடுத்த படத்தின் லோகோ அந்த அளவிலேயே வந்து அறைகிறது. டிவியின் ஒலி அமைப்பில் ‘நைட் மோட்’ அல்லது ‘ஆட்டோ வால்யூம்’ இருக்கும், போடுங்கள். சவுண்ட்பார் இருந்தால் அதிலும் தனியாகப் போட வேண்டும். டிவியில் போட்டது பெரும்பாலும் அதற்குப் போய்ச் சேராது. வூஃபரை பாதிக்குக் குறைத்தாலே குழந்தையின் நடுக்கம் குறையும்.

5 வயது மகளைத் தியேட்டருக்கு அழைத்துப் போகிறோம். டிஎச்எக்ஸ் ஓசைக்கு அலறுவாளோ?
– வாசகர், கோயம்புத்தூர்

அலறலாம். டிஎச்எக்ஸ் என்பது தியேட்டர் ஒலித்தரத்துக்குச் சான்று தரும் நிறுவனம். 1983-இல் திரைக்கு வந்த அதன் லோகோ ஓசையை ஜேம்ஸ் மூரர் கணினியில் உருவாக்கினார். 200 முதல் 400 ஹெர்ட்ஸுக்குள் தாறுமாறாக அலையும் 30 குரல்கள் மெல்ல விரிந்து ஒரே பிரமாண்ட சுரக்கூட்டில் போய் நிற்கும். ஏறிக்கொண்டே வரும் சத்தத்தை மூளை ‘எதுவோ நெருங்குகிறது’ என்றே எடுத்துக்கொள்ளும். சுவர் ஸ்பீக்கருக்கு அடியில் உட்காராமல் நடு இருக்கை எடுங்கள். விளக்கு அணைந்ததும் காதை லேசாகப் பொத்திக்கொள்ளச் சொல்லுங்கள், அல்லது லோகோ முடிந்த பிறகு உள்ளே போங்கள்.

என் தம்பிக்கு இப்போது 45 வயது. அவன் போனில் எனக்கு தூர்தர்ஷன் இசையை ரிங்டோனாக வைத்துவிடலாமா?
– வாசகி, நாகர்கோவில்

வையுங்கள். ஆனால் அவர் வண்டி ஓட்டும்போது கூப்பிடாதீர்கள்.