ஐம்பத்தாறில் மறுபடியும் ஓட்டமா?

கேள்வி: பள்ளியில் நன்றாக ஓடுவேன். வேலை, குடும்பம் என்று 35 வருடம் விட்டுப்போச்சு. இப்போது 56 வயதில், மூன்று வாரமாக மறுபடி ஓடுகிறேன். மூச்சு சீக்கிரமே பழகிவிட்டது, மனசும் லேசாக இருக்கிறது, ஆனால் இரண்டு கெண்டைக்காலும் வலிக்கின்றன. நிறுத்திவிடவா?

பதில்: நிறுத்த வேண்டாம், குறையுங்கள். இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே தேறத் தொடங்கிவிடும், ஆனால் தசைநாணுக்கும் எலும்புக்கும் மாதக்கணக்கில் ஆகும்; மூச்சு 'போ, போ' என்று விரட்ட, கால் பின்தங்கி நிற்கிற இந்த இடைவெளியில்தான் பலரும் அடிபடுகிறார்கள். வலி தணியும்வரை நடங்கள். அப்புறம் இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, ஒருநாள் விட்டு ஒருநாள். ஓடும்போதே முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், அதுதான் சரியான வேகம். (துணைக்கு ஆள் இல்லையா, தனியாகப் பேசிக்கொள்ளுங்கள், பார்க்கிறவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும்.) ஒரு காலில் மட்டும் வீக்கமோ, நெஞ்சில் இறுக்கமோ வந்தால் உடனே டாக்டரிடம் போய்விடுங்கள்.

கனடாவின் எட் விட்லாக்கும் இளமையில் ஓடி, விட்டுவிட்டு, நாற்பது தாண்டித்தான் திரும்பி வந்தார். 2003-ல், 72 வயதில், மாரத்தானை 3 மணி நேரத்துக்குள் முடித்தார். 42.195 கி.மீ.! சரி, நமக்கு அதெல்லாம் வேண்டாம். பள்ளியில் விசில் ஊதி ஓடவிட்டார்கள், இப்போது யாரும் நேரம் குறிக்கவில்லை, தோன்றினால் பாதியில் நடந்தே திரும்பலாம், அந்தச் சுதந்திரம்தான் எனக்கும் ஐம்பதுக்கு மேல் ஓட்டத்தைப் பிடிக்க வைத்தது. கடிகாரத்தைக் கொஞ்ச நாள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.