வேலை செய்யாத ஊராட்சித் தலைவரைப் பதவியிலிருந்து இறக்க முடியுமா?

கேள்வி: எங்கள் ஊராட்சியில் 9 வார்டுகள். தலைவர் எட்டு மாதமாக மன்றக் கூட்டமே கூட்டவில்லை. பாதி நாள் வெளியூரில் இருக்கிறார், கேட்டால் ஏளனமாகப் பேசுகிறார். தொட்டி மோட்டார் பழுதாகிக் கிடக்கிறது. 6 உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டுக் கலெக்டரிடம் கொடுத்தால் பதவி போய்விடுமா?

பதில்: ஏளனப் பேச்சையும் வெளியூர் வாசத்தையும் மனுவில் எழுதாதீர்கள். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன் 205-ஆம் பிரிவு கேட்பது இதைத்தான்: சட்டமோ விதியோ முறையான உத்தரவோ சொன்ன கடமையைத் தலைவர் 'வேண்டுமென்றே' செய்யாமல் விட்டாரா, மறுத்தாரா, மீறினாரா, அல்லது தன் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினாரா? எட்டு மாதம் கூட்டம் இல்லை என்பது விடுபட்டதைக் காட்டும். வேண்டுமென்றே விட்டார் என்பதை அது மட்டும் காட்டாது.

வழக்குகள் தோற்றுப்போவது இங்கேதான். ஆட்சியரின் நோட்டீஸுக்கு, "செயலர் பணியிடம் காலி, நிதி வரவில்லை, கூட்டம் வைத்தேன், உறுப்பினர்கள் வரவில்லை" என்று தலைவர் பதில் எழுதுவார். அதை மறுக்க உங்களிடம் காகிதம் இருக்காது. ஆகவே முதலில் கூட்டம் கோரி ஒப்புதல் அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்புங்கள். பி.டி.ஓ.விடம் (வட்டார வளர்ச்சி அலுவலர்) முறையிட்டு, கூட்டத்தைக் கூட்டும்படி எழுத்தில் உத்தரவு வாங்குங்கள். அதன் பிறகும் கூட்டாவிட்டால் அது மறுப்பு. தீர்மானப் புத்தக நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வையுங்கள்.

கையெழுத்துக் கணக்கு: ஊராட்சிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த உறுப்பினர் எண்ணிக்கையில் மூன்றில் இரண்டு பங்கு. காலியான வார்டும் அதில் சேரும். தலைவரையும் சேர்த்து 10 என்று எதிர்த்தரப்பு எண்ணினால் உங்கள் 6 போதாது. 6 போதும் என்று வாதாடலாம்தான். அந்த வாதத்துக்கே ஏன் இடம் தர வேண்டும்? 7 வாங்குங்கள். குற்றச்சாட்டுகளை எழுதி முடித்தபின் கையெழுத்து, வெற்றுத்தாளில் வேண்டாம். உறுப்பினர்களில் இருவர் நேரில் கொடுக்க வேண்டும்.

மோட்டார் விஷயத்தில் கவனம். காசோலையில் துணைத்தலைவர் கையெழுத்தும் வேண்டும். அவர் உங்கள் அணியில் இருந்து எந்தப் பில்லுக்காவது கையெழுத்து மறுத்திருந்தால், வேலையைத் தடுத்தது நீங்கள்தான் என்று ஆகிவிடும். தலைவர் பட்டியல் சாதியினர், தடுத்தவர்கள் பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாதவர்கள் என்றால் ஆபத்து இன்னும் பெரிது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் அது குற்றம், முன்ஜாமீனும் கிடையாது. அலுவலகத்தைப் பூட்டுவது, நாற்காலியை மறைப்பது போன்ற வேலைகள் அறவே கூடாது.

எல்லாம் சரியாக நடந்தாலும், நீக்கம் பற்றி உறுப்பினர்கள் கருத்தைக் கேட்க வட்டாட்சியர் கூட்டும் கூட்டத்தில் விவாதம் கிடையாது, கருத்து மட்டும் பதிவாகும். 9 பேரும் எதிராகச் சொன்னாலும் நீக்குவதா கைவிடுவதா என்பது ஆட்சியர் முடிவு. காரணம் எழுதாமல் நீக்கினால் உயர் நீதிமன்றத்தில் நிற்காது. மனுவை ஆட்சியர் கிடப்பில் போட்டு நீங்கள் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டாலும், பெரும்பாலும் 'பரிசீலியுங்கள்' என்ற உத்தரவுதான் வரும். பதவிக்காலமோ 5 ஆண்டு, இந்த இழுபறியிலேயே அது ஓடிவிடலாம்.

என்னைக் கேட்டால், பி.டி.ஓ. முன்னிலையில் பேசி முடியுங்கள். மாதக் கூட்டத்துக்கு நிலையான தேதி, மோட்டாருக்கு முதல் கூட்டத்திலேயே தீர்மானம், இரண்டையும் எழுதித் தலைவர் கையெழுத்திடட்டும். மீறினால் 205 மனுவில் முதல் இணைப்பு அந்தத் தாள்தான்.