சாங்கியில் ஆறு மணித்தியாலம்

கேள்வி: மகளைப் பார்க்க அவுஸ்திரேலியா போகிறோம். சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் ஆறு மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். வெளியே போகாமல் எதைப் பார்க்கலாம்?
– வாசகி, ஹட்டன்

பதில்: முதலில் 3ஆம் முனையத்தின் பட்டாம்பூச்சித் தோட்டம். கட்டணமில்லை, பகலிலேயே போங்கள், இருட்டினால் பூச்சிகள் இலையடியில் ஒடுங்கிவிடும்.

40 மீற்றர் உள்ளக நீர்வீழ்ச்சி உள்ள ஜுவல் வணிக வளாகம், குடிவரவுக்கு வெளியே இருக்கிறது. ஆனால் 2ஆம், 3ஆம் முனையங்களுக்கு இடையே ஓடும் இலவச ஸ்கைட்ரெயினிலிருந்தே தெரியும். உங்கள் மலையகத்து டெவன், சென். கிளயர் நீர்வீழ்ச்சிகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கும், கூரையிலிருந்து கொட்டும் நீர் அதிசயம்தான். இரவு பிந்தினால் நிறுத்திவிடுவார்கள்.

ஒன்று கவனம்: 1, 2, 3ஆம் முனையங்களில் பாதுகாப்புச் சோதனை விமான வாயிலில்தான் நடக்கும். உள்ளே வாங்கிய தண்ணீரையும் அங்கே விடமாட்டார்கள். குடித்து முடித்து, வெறும் போத்தலோடு வரிசையில் நில்லுங்கள்.