காணிக்கைப் பையில் எவ்வளவு? கேள்வி பதில்

சேகரக் கமிட்டியில் (பல சபைகள் சேர்ந்த சேகரத்தின் நிர்வாகக் குழுவில்) பல ஆண்டுகள் பொருளாளராக இருந்த மூத்தவர் ஒருவர், சபையாரின் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.

கேள்வி: ஐயா, சம்பளம் நாற்பதாயிரம். பி.எஃப்., வீட்டுக் கடன் தவணை போகக் கைக்கு வருவது இருபத்திரண்டாயிரம். தசமபாகத்தை, அதாவது பத்தில் ஒரு பங்குக் காணிக்கையை, எதில் கணக்கிடுவது?

பதில்: சபைகளுக்குக் கடிதங்கள் எழுதிய அப்போஸ்தலர் பவுல் பத்தில் ஒன்று என்று விதிக்கவில்லை. வாரத்தின் முதல் நாளில் அவனவன் வரவுக்குத் தக்கதாகச் சேர்த்து வைக்கச் சொன்னார் (1 கொரிந்தியர் 16:2). பி.எஃப். பணத்தை அது கைக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம். தவணையைக் கழிப்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை; வீடு உங்களுடையதுதானே! சம்பளம் வந்த அன்றே எடுத்து வையுங்கள். மாதக் கடைசியில் மிச்சம் பார்த்துக் கொடுப்பேன் என்றவர்களின் பெயர் என் பதிவேட்டில் ஏறியதே இல்லை.

கேள்வி: மல்கியா 3:10-ஐக் காட்டி, "காணிக்கையை விதையுங்கள், கடன் தீரும்" என்கிறார் ஒரு ஊழியர். நகையை அடகு வைத்துக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. அந்த வசனம், தசமபாகத்தைக் கொண்டுவந்து ஆலயத்தின் பண்டசாலையில் ஆகாரம் இருக்கச் செய்ய வேண்டும் என்கிறது. ஆகாரம் யாருக்கு என்பதை உபாகமம் 14-இல் பாருங்கள்: மூன்றாம் வருஷத்துத் தசமபாகம், சொந்த நிலமில்லாத ஆலயப் பணியாளனான லேவியனும் பரதேசியும் திக்கற்றவனும் விதவையும் சாப்பிட்டுத் திருப்தியடைய. கடனில் தவிக்கும் நீங்கள் இப்போது பெற வேண்டிய இடத்தில் இருக்கிறீர்கள். வெட்கப்படாமல் குருவானவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு டயாலிசிஸ். காணிக்கையை நிறுத்தினால் பாவமா?

பதில்: பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் 'கொர்பான்' (தேவனுக்குக் காணிக்கை) என்று சொல்லி ஒதுக்கியவர்களை இயேசு கடிந்துகொண்டார் (மாற்கு 7). அப்பாவைப் பாருங்கள் தம்பி.

கேள்வி: நான் வீட்டு வேலை செய்கிறேன். நான் என்ன கொடுத்துவிட முடியும்?

பதில்: எங்கள் திருநெல்வேலிச் சீமையின் மிஷனரிப் பணிக்கு உங்களைப் போன்றவர்களும்தான் கொடுத்தார்கள், சகோதரி. 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோது, வெளிநாட்டுப் பணம் வேண்டாம் என்பதே தீர்மானம். அதை முன்னின்று தொடங்கிய வேதநாயகம் அசரியா 1912-இல் தெலுங்குப் பகுதியிலுள்ள தோர்ணக்கல்லின் பேராயரானார்.

கைப்பிடி அரிசி தெரியுமல்லவா? உலையில் போட அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் தனிப் பானையில் போடுவார்கள். ஞாயிறன்று அது பையில் ஆலயத்துக்கு வரும். புழுங்கல், பச்சரிசி, ரேஷன் அரிசி எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கும். அதை ஆலயத்தில் ஏலம் விடுவார்கள்; எடுப்பவர் தோசைக்கு ஊறப்போடுவார். எங்களுக்கு அதில் இன்னொரு பயனும் இருந்தது. ஒரு வீட்டுப் பை இளைத்து வந்தால், அங்கே அடுப்பு சரியாக எரியவில்லை என்று பொருள். குருவானவருக்கு உதவியாகச் சபையைக் கவனிக்கும் உபதேசியார் அன்று மாலையே அந்த வீட்டுக்குப் போவார்.

கேள்வி: விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு வாழைத்தார் ஐயாயிரத்துக்குப் போகிறது. இது காணிக்கையா, பெருமையா?

பதில்: இரண்டும்தான். ஏலம் கேட்டவர் பணத்தைக் கட்டிவிட்டாரா என்று பாருங்கள்; பல பேரேடுகளில் பாக்கி நிற்கிறது.

கேள்வி: கணக்குக் கேட்டால், விசுவாசம் இல்லை என்கிறார்களே?

பதில்: எருசலேம் ஏழைகளுக்கான பணத்தைப் பவுல் தனியே கொண்டுபோகவில்லை. ஒருவரும் குற்றம் சொல்லாதபடி, சபைகளே தெரிந்தெடுத்த சகோதரனையும் உடன் சேர்த்துக்கொண்டார் (2 கொரிந்தியர் 8). தணிக்கை செய்த வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டும்படி எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: வருமான வரிச் சலுகை உண்டா?

பதில்: வாராந்திரக் காணிக்கைக்குப் பொதுவாகக் கிடையாது. நன்கொடை வரிச் சலுகைக்கான பதிவு (80ஜி என்று அறியப்படுவது) உள்ள தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்தால் பழைய வரிமுறையில் உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் இல்லை. காசோலையாகக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.