இஞ்ச் டேப் இல்லாமல் புத்தாடை எடுக்காதீர்கள்

(தீபாவளியை ஒட்டி, சேவைச் சங்கங்கள் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்பவர், ஈரோடு பக்கம் ஒரு சிறிய ஊரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரெடிமேட் துணிக்கடை நடத்தியவர். உள்ளூர் சேவைச் சங்கம் ஒன்றில் பதினாறு ஆண்டுகள் உறுப்பினர், மூன்று முறை செயலாளர்.)

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போதுதான் ரோட்டரி, லயன்ஸ்காரர்களுக்கு ஏழைகளின் ஞாபகம் வருமா?
– வாசகர், கும்பகோணம்

ஞாபகம் ஜூலையிலேயே வந்துவிடும். பணம்தான் தீபாவளிக்கு வருகிறது. இந்த இரண்டு சங்கங்களுக்கும் ஆண்டு என்பது ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிகிறது. புதுத் தலைவர் ஜூலையில் மாலை போட்டுக்கொண்டு பதவியேற்பார். அடுத்த இரண்டு மாதம் சந்தா வசூல், கண் பரிசோதனை முகாம், மரக்கன்று என்று போகும். அவர் ஊர் முன்னால் நிற்கிற முதல் பெரிய மேடை தீபாவளிதான். ஊரிலும் அப்போதுதான் போனஸ் பணம் புழங்கும், கேட்டால் கொடுப்பார்கள். அதே ரசீதுப் புத்தகத்தைப் பிப்ரவரியில் நீட்டிப் பாருங்கள். வியாபாரம் மந்தம் என்று ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நானே பல பேரை அப்படி அனுப்பியிருக்கிறேன்.

நான் இருந்தது ரோட்டரியா, லயன்ஸா என்று கேட்டு இன்னும் நான்கு கடிதங்கள் வந்திருக்கின்றன. சொல்வதாக இல்லை. கீழே எழுதப்போவதைப் படித்தால் காரணம் புரியும்.

வாராவாரம் கூட்டம் என்று போகிறார், இரவு பத்து மணிக்குச் சாப்பிட்டுவிட்டு வருகிறார். அங்கே என்னதான் நடக்கும்?
– வாசகி, நாமக்கல்

கணவரைச் சந்தேகப்படாதீர்கள் அம்மா. சாப்பாடு உண்மை, கூட்டமும் உண்மை. தலைவர் மணி அடிப்பார். இறைவணக்கம். செயலாளர் போன கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை வாசிப்பார். யாரும் கேட்க மாட்டார்கள். பிறந்தநாள், திருமணநாள் கொண்டாடும் உறுப்பினருக்குச் சால்வை. பிறகு காரியம்.

ஒரு கூட்டத்தை மட்டும் சொல்கிறேன். நான் முதல் முறை செயலாளராக இருந்த வருடம், தீபாவளிக்கு இருபது நாள் முன்பு. ஒரு குழந்தைகள் இல்லத்தில் 64 பிள்ளைகளுக்குப் புத்தாடையும் இனிப்பும் கொடுப்பது என்று முடிவு. மேடைக்குப் பின்னால் கட்டும் பேனரில் யார் யார் படம் போடுவது என்பதில் முக்கால் மணி நேரம் போயிற்று. முன்னாள் தலைவர்கள் ஆறு பேர். எல்லோரையும் போட்டால் முகம் பொத்தான் அளவுக்குத்தான் தெரியும் என்றார் பிரஸ் வைத்திருக்கும் உறுப்பினர். இனிப்பு எந்தக் கடையில் என்பதற்குப் பதினைந்து நிமிடம். துணி விஷயம் நான்கே நிமிடத்தில் முடிந்தது. "நம் செயலாளரே கடைக்காரர். அவர் பார்த்துக்கொள்வார்" என்று கை தட்டிவிட்டார்கள்.

இல்லத்திலிருந்து பட்டியல் வந்தது. பெயர், ஆணா பெண்ணா, வயது. நான் வயதைப் பார்த்து அளவு எடுத்து வைத்தேன். கடையில் பழக்கமான கணக்கு: இந்த வயதுக்கு இருபத்தாறு, இந்த வயதுக்கு இருபத்தெட்டு. ஆனால் அந்தக் கணக்கு, தாய் தகப்பனோடு கடைக்கு வருகிற பிள்ளைகளை வைத்துப் போட்டது. இல்லத்துக்கு வந்து சேர்கிற பிள்ளை பல நாள் பட்டினி பார்த்துவிட்டு வந்திருக்கும் என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

விழா நாளில் பதினொரு வயது என்று பட்டியலில் இருந்த பையனுக்குப் பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. சிறப்பு விருந்தினர் வர ஒன்றரை மணி நேரம் தாமதம். பிள்ளைகள் எல்லோரும் புதுத் துணி போட்டுக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் பெயரைக் கூப்பிட்டதும் இடது கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டே வந்தான். இனிப்புப் பெட்டியை வலது கையால் வாங்கினான். "இரண்டு கையாலும் வாங்குப்பா, படம் எடுக்க வேண்டும்" என்றார் எங்கள் பொருளாளர். பையன் அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கையை எடுக்கவில்லை.

அதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்திக்கு நான் வைத்த கவுன் மார்பில் பிடித்தது. அவள் அறையை விட்டு வெளியே வரவே இல்லை. காய்ச்சல் என்று காப்பாளர் அம்மா சொல்லிச் சமாளித்தார். கடையில் அந்த வயதுப் பெண்ணுக்குத் துணி கேட்டு யாராவது வந்தால், "பிள்ளை வந்திருக்கிறதா?" என்பதுதான் என் வாயில் வருகிற முதல் கேள்வி. காசு கொடுக்கிறவரிடம் ஆயிரம் தடவை கேட்ட கேள்வியை, இனாமாகக் கொடுக்கும்போது ஒரு தடவை கேட்கத் தோன்றவில்லை.

மறு வருடம் இஞ்ச் டேப்போடு போனோம். பெண் பிள்ளைகளுக்கு அளவெடுக்க என் மனைவியும் எங்கள் கடைக்கு ஆல்ட்டர் செய்து தரும் டெய்லர் அம்மாவும் வந்தார்கள். மார்பு, இடுப்பு, உயரம் என்று நோட்டில் மூன்று கட்டம். முழுக்கால் எல்லாவற்றிலும் கீழே இரண்டு இஞ்ச் உள்மடிப்பு விடச் சொன்னார் அந்த அம்மா. அடுத்த வருடம் பிரித்துவிட்டால் இன்னொரு தீபாவளிக்கு ஆகும். நிறத்தையும் பிள்ளைகளே எடுத்துக்கொள்ளட்டும் என்று மூன்று பண்டலைப் பிரித்துப் போட்டோம். எல்லோருக்கும் ஒரே நிறம் எடுத்தால் படத்தில் பளிச்சென்று இருக்கும் என்று ஒரு யோசனை எப்போதும் வரும். அப்படி எடுத்த துணியைப் பிள்ளைகள் தெருவில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். பார்த்தவுடன் இல்லத்துப் பிள்ளை என்று தெரிந்துவிடுமே.

உதவி செய்வதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது தப்பா? நான்கு பேர் பார்த்துத் தாங்களும் கொடுப்பார்கள் அல்லவா?
– சங்க உறுப்பினர், திண்டுக்கல்

பெட்டிகளைப் படம் எடுங்கள். தலைவரை எடுங்கள், அவர் மறுக்கமாட்டார். பிள்ளைகளின் முகம் வேண்டாம். 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தில் 74-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் நிலையில் உள்ள குழந்தை யார் என்று அடையாளம் தெரியும்படி பெயரோ படமோ வெளியிடுவதைத் தடுக்கிற பிரிவு அது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதை நான் ஒரு கூட்டத்தில் வாசித்தேன். "அப்படியானால் முதுகுப் பக்கமாக எடுக்கலாமா?" என்று ஒருவர் கேட்டார். எடுத்தார்கள். கொடுப்பவர் முகமும் வாங்குபவர் முதுகும். அந்தப் படமே எனக்குப் பிடித்திருந்தது. உள்ளதை உள்ளபடி காட்டியது.

இந்தச் சங்கங்களை முதலில் ஆரம்பித்தது யார்? ரோட்டரி என்றால் என்ன பொருள்?
– பள்ளி மாணவி, சிவகாசி

இரண்டுமே அமெரிக்காவில் சிகாகோ நகரத்துச் சரக்கு. 1905 பிப்ரவரி 23 அன்று பால் ஹாரிஸ் என்ற வக்கீல் தன் நண்பர்கள் மூன்று பேரோடு ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து பேசியதுதான் ரோட்டரியின் முதல் கூட்டம். அந்த மூவரில் ஒருவர் நிலக்கரி வியாபாரி, ஒருவர் சுரங்கப் பொறியாளர், இன்னொருவர் தையற்காரர். தையற்காரர் இருந்தார் என்பதில் என் தொழிலுக்குக் கொஞ்சம் பெருமை. ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவர் அலுவலகத்தில் என்று கூட்டம் சுற்றி வந்ததால் ரோட்டரி என்று பெயர். 1917-இல் மெல்வின் ஜோன்ஸ் என்ற காப்பீட்டுத் தொழிலர் தொடங்கிவைத்தது லயன்ஸ். 1925-இல் ஹெலன் கெல்லர் அவர்களுடைய மாநாட்டுக்கு வந்து, பார்வையற்றவர்களுக்காகப் பாடுபடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். உங்கள் ஊரில் லயன்ஸ்காரர்கள் கண் முகாம் போடுகிறார்கள் என்றால் அதன் வேர் அங்கே இருக்கிறது.

உனக்கு இன்னொன்று சொல்கிறேன் கண்ணு. ரோட்டரிக்காரர்கள் முதன்முதலில் எடுத்த பொதுக் காரியம் என்ன தெரியுமா? சிகாகோவில் பொதுக் கழிப்பறை கட்டவைத்தது. 1907-இல் தொடங்கிய முயற்சி. இன்று எங்கள் பக்கத்தில் கழிப்பறைக்கு நன்கொடை கேட்டால் தருவார்கள். பெயர்ப்பலகையை மட்டும் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்வார்கள்.

என் கணவர் உறுப்பினர். குடும்ப விழாக்களில் நான் கோலம் போட்டுக் குத்துவிளக்கு ஏற்றியாயிற்று. பெண்கள் உறுப்பினராகவே ஆக முடியாதா?
– வாசகி, காரைக்குடி

முடியும். லயன்ஸ் 1987-இல் கதவைத் திறந்தது. ரோட்டரி விஷயம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், அதே 1987 மே மாதம் பெண்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. 1989-இல் உலகம் முழுவதுக்கும் விதியை மாற்றினார்கள். விண்ணப்பத்தை வாங்கி நிரப்புங்கள். சேர்ந்ததும் பொருளாளர் பதவியைக் கேளுங்கள். எங்கள் சங்கத்தில் ஓர் அம்மா பொருளாளராக வந்த வருடம்தான் பேனர் செலவு என்று கணக்கில் தனியாக ஒரு வரி எழுதப்பட்டது. அதுவரை அது "இதர செலவு".

பொருளாகக் கொடுத்தாலும் வருமான வரியில் நன்கொடைக்கான கழிவு, அதாவது 80ஜி சலுகை உண்டா?
– வாசகர், திருப்பூர்

கிடையாது. பணமாகக் கொடுத்தால்தான் உண்டு. அதிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் செல்லாது, காசோலையோ வங்கிப் பரிமாற்றமோ வேண்டும். வாங்குகிற அமைப்புக்கு 80ஜி பதிவு இருக்க வேண்டும். புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு இந்தக் கழிவே இல்லை. திருப்பூர்க்காரர் என்பதால் ஒன்று: செகண்ட்ஸ் பனியன் பண்டலை இல்லத்துக்குத் தள்ளிவிட்டு முதல்தர விலைக்கு ரசீது கேட்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் அப்படி இல்லை என்று நம்புகிறேன்.

தீபாவளியன்று ஓர் இல்லத்துக்கு மதியச் சாப்பாடு கொடுக்க விரும்பினோம். ஏற்கெனவே ஐந்து பேர் பதிந்துவிட்டார்கள் என்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, சென்னை

ஐந்து பேரா? குறைவுதான். எங்கள் பக்கத்து இல்லம் ஒன்றில் காப்பாளர் அறைச் சுவரில் மாதக் காலண்டர் தொங்கும். எந்தத் தேதிக்கு யார் சாப்பாடு என்று அதில் எழுதியிருக்கும். தீபாவளித் தேதியில் எழுத இடமில்லாமல் பெயர்கள் அடுத்த கட்டத்துக்குள் போய்விடும். தாளைத் திருப்பிப் பிப்ரவரியைப் பார்த்தால் வெறும் தேதிதான்.

தீபாவளி அன்று காலையில் ஒரு சங்கம் கேசரி, பதினோரு மணிக்கு இன்னொருவர் லட்டு, மதியம் பிரியாணி, சாயங்காலம் ஜாங்கிரி. இரவு பிள்ளைகளுக்கு வயிற்று வலி. மூன்றாம் நாள் பழையபடி ரசம் சோறு. இதைப் பார்த்தபின் ஒரு வருடம் நாங்கள் இனிப்பை நிறுத்திவிட்டு, "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று காப்பாளரிடம் கேட்டோம். அவர் சொல்லத் தயங்கினார். பிறகு சமையலறைக்குக் கூட்டிப்போய் கிரைண்டரைக் காட்டினார். கல் தேய்ந்து போயிருந்தது. கொத்தி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, மாவு நைசாக விழுவதில்லை, இட்லி கல்லாக இருக்கிறது, பிள்ளைகள் தட்டில் வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள் என்றார். கல் கொத்துகிறவரைக் கூப்பிட்டு வந்தோம். ஒரு காலை நேர வேலை. மொத்தச் செலவு நாங்கள் வழக்கமாக வாங்கும் சால்வைகளின் விலைகூட ஆகவில்லை. அதற்கு விழா எடுக்க முடியாது என்பதால் ஆண்டறிக்கையில் அது இடம்பெறவில்லை.

நீங்களும் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் சோப்பு, தேங்காய் எண்ணெய், துவரம் பருப்பு, சானிட்டரி நாப்கின், மோட்டார் ரிப்பேர் என்றுதான் இருக்கும். சாப்பாடுதான் போட வேண்டும் என்றால் பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமையைப் பதிந்துகொள்ளுங்கள்.

பழைய துணி கொடுக்கலாமா?
– வாசகர், நாகர்கோவில்

துவைத்து, ஜிப்பை ஒருமுறை இழுத்துப் பார்த்து, பொத்தான் தைத்துக் கொடுக்கலாம். உள்ளாடை மட்டும் பழையது கூடாது. சொல்லப்போனால் புதிதாகக் கொடுக்க ஆசைப்படுகிறவர்கள் அதைத்தான் வாங்க வேண்டும். என் கடையில் தீபாவளி நேரத்தில் இல்லங்களுக்கென்று சட்டை, கவுன் வாங்கியவர்கள் நூற்றுக்கணக்கானவர்கள். ஜட்டியும் பெட்டிக்கோட்டும் வாங்கியவர் ஒரே ஒருவர். ஓய்வுபெற்ற நர்ஸ்.

கல்லூரி மாணவன். கையில் பணம் இல்லை. பண்டிகைக்கு முன்னால் உருப்படியாக என்ன செய்யலாம்?
– வாசகர், திருநெல்வேலி

ரத்தம் கொடுங்கள் தம்பி. ஊரில் ரத்த முகாம்கள் பெரும்பாலும் உங்களைப் போன்ற கல்லூரிப் பிள்ளைகளை நம்பித்தான் நடக்கின்றன. தீபாவளி விடுமுறைக்கு நீங்கள் பஸ் ஏறிவிட்டால் முகாமும் இல்லை. சிவப்பணுக்களை ஐந்தாறு வாரம் குளிர்பெட்டியில் வைத்திருக்கலாம், தட்டணுக்கள் ஐந்து நாள்தான் தாங்கும். டெங்கு, பிரசவம், விபத்து இவற்றுக்கெல்லாம் விடுமுறை கிடையாது. 18 வயது நிறைந்து 45 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் அரசு மருத்துவமனை ரத்த வங்கிக்குப் போய்விட்டு வாருங்கள். பிஸ்கட்டும் ஜூஸும் தருவார்கள். பேனர் இருக்காது.

கடையை மகனிடம் கொடுத்துவிட்டீர்களாம், சங்கத்திலும் இல்லையாம். இந்தத் தீபாவளிக்கு என்ன செய்யப்போகிறீர்கள்?
– பழைய வாடிக்கையாளர், பெயர் வேண்டாம்

யார் என்று கையெழுத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது. 2019 தீபாவளிக் கணக்கில் இருநூற்று ஐம்பது ரூபாய் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை இல்லத்துக்கு அளவெடுக்கப் போகிறோம். டெய்லர் அம்மாவுக்குக் கண் சரியில்லை. அவர் மருமகள் வருகிறாள். முதலில் புது இஞ்ச் டேப் ஒன்று வாங்க வேண்டும். போன வருடம் டேப்பை அங்கேயே மறந்துவிட்டேன். மறுநாள் எடுக்கப் போனால், பிள்ளைகள் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் ஒவ்வொருவரும் நின்று உயரம் அளந்து, பென்சிலால் கோடு போட்டு, பெயரும் தேதியும் எழுதி வைத்திருந்தார்கள். புதிதாக வெள்ளையடித்த சுவர். காப்பாளர் அம்மா என்னைத்தான் திட்டினார். டேப்பைத் திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.