நண்பகலில் அறுந்துபோகும் செய்மதி இணையம்

கேள்வி: மின்கம்பி வராத எங்கள் தோட்ட வீட்டில் சோலர் மின்சாரத்தைக் கொண்டு செய்மதி இணையம் பயன்படுத்துகிறோம். அன்டெனா தகரக் கூரையோடு ஒட்டியபடி இருக்கிறது. ரவுட்டர், இன்வேட்டர், ஈய அமிலப் பற்றரி எல்லாம் கூரையடியில் ஒரே மரப்பெட்டிக்குள் உள்ளன. கடும் வெயில் நாட்களில் நண்பகலானால் இணைப்பு அறுந்துவிடுகிறது. அன்டெனாவுக்கு மேலே பந்தல் போடலாமா?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: பந்தல் வேண்டாம். அன்டெனாவுக்குத் திறந்த வானம் தேவை. தகரம் குறுக்கே வந்தால் வெயில் மறையும்போதே சமிக்ஞையும் மறைந்துவிடும். வெயிலைவிட நீங்கள் கவனிக்க வேண்டியது கீழேயுள்ள கூரையைத்தான். 2025 ஜூலையில் இலங்கையில் தொடங்கிய ஸ்டார்லிங்க் சேவையை எடுத்துக்கொண்டால், அதன் வழக்கமான வீட்டு அன்டெனா 50 பாகை செல்சியஸ் வரையான சூழலுக்கு வடிவமைக்கப்பட்டது. உங்கள் பகுதியில் காற்று அவ்வளவு சூடேறுவதில்லை. ஆனால் நண்பகல் தகரம் 60 பாகையையும் தாண்டக்கூடும். அன்டெனாவோ தான் இழுக்கும் 75 முதல் 100 வாற்று மின்சாரத்தில் ஏறத்தாழ முழுவதையும் வெப்பமாகவே மாற்றுகிறது. உறை மூடியதாகையால், முதுகுப்புறத்தில் காற்று படாவிட்டால் அந்த வெப்பம் உள்ளேயே தங்கிவிடும். ஆகவே கூரையை விட்டுத் தள்ளி, ஒரு மீற்றர் உயரமாவது உள்ள குழாயில், பின்புறம் காற்றாட நிறுத்துங்கள். சேவையின் கைப்பேசிச் செயலியில், அன்டெனாவைச் சூடாக்கிப் பனி உருக்கும் வசதி இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.

எனினும் உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்தது அந்த மரப்பெட்டிதான். இன்வேட்டர் தன் வழியாகச் செல்லும் மின்சாரத்தில் ஒரு பங்கை வெப்பமாக இழக்கும். அது ரவுட்டரையும் பற்றரியையும் சேர்த்தே சுடவைக்கும். வெப்பநிலை 10 பாகை கூடினால் ஈய அமிலப் பற்றரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். இதைவிட ஆபத்தானது, மின்னேற்றும்போது அதிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் வாயு: மூடிய பெட்டிக்குள் இன்வேட்டரில் ஒரு சிறு பொறி எழுந்தாலும் வெடிக்கலாம். பற்றரியை இன்றே பிரித்து, காற்றோட்டமுள்ள நிழலான இடத்தில் வையுங்கள். ரவுட்டரையும் அதன் மின்வழங்கியையும் அறைக்குள் வெயில்படாத சுவரில் திறந்தபடி பொருத்துங்கள். இன்வேட்டர் பெட்டியிலேயே இருக்கலாம், ஆனால் கீழே ஒரு பக்கமும் மேலே எதிர்ப்பக்கமும் துளையிட்டு, பல்லி, எறும்பு புகாதபடி நுண்வலை அடித்து, மேல்துளையில் கணினிக்குரிய 12 வோல்ற்று மின்விசிறி ஒன்றைப் பொருத்துங்கள்; அது இழுப்பது சில வாற்றுகளே.

இவற்றுக்குப் பிறகும் இணைப்பு அறுந்தால், அந்த நேரத்தில் செயலியில் வெப்ப எச்சரிக்கை தோன்றுகிறதா என்று பாருங்கள். தோன்றாவிட்டால் பற்றரியிலிருந்து இன்வேட்டருக்குச் செல்லும் வயரின் தடிப்பையும் இணைப்புகளின் இறுக்கத்தையும் ஒரு மின்பணியாளரைக் கொண்டு சோதியுங்கள். மெல்லிய வயரிலும் தளர்ந்த முனையிலும் வோல்ற்று விழுந்து கருவி அணைவது இதே போலத்தான் தெரியும்.